ராக் இசைவிழாவுக்கு முதன்முறை செல்பவருக்கு: காதும் காலும் கடைசிவரை தாங்க வேண்டும்

ஒரு குழுவின் கச்சேரிக்குச் செல்பவர் இரண்டு மணி நேரம் நின்று கேட்டுவிட்டு வீடு திரும்பிவிடுவார். இசைவிழாவில் நண்பகலில் தொடங்கும் வாசிப்பு நள்ளிரவு வரை நீளும். அதுவும் மூன்று அல்லது நான்கு நாட்கள், ஐந்தாறு மேடைகளில், ஒன்று முடியும் முன்பே மற்றொன்று தொடங்கிவிடும். முதன்முறை வருபவர்களில் பலர் முதல் நாள் மாலைக்குள் தம் தெம்பையெல்லாம் செலவழித்துவிடுகிறார்கள். எந்தக் குழுவுக்காக டிக்கெட் எடுத்தார்களோ அந்தக் குழு மேடையேறும் நேரத்தில், கால் கடுக்க, காது இரைய, மைதானத்தின் பின்கோடியில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் முதல் விழாவில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஆகவே கீழே சொல்லப்படுபவை அனைத்தும் ஒரே கணக்கை வைத்துச் சொல்லப்படுபவை: கடைசி நாளின் கடைசிக் குழு வாசிக்கும்போது கேட்கும் காதும் நிற்கும் காலும் உங்களிடம் மிச்சம் இருக்க வேண்டும்.

விழாவைத் தேர்ந்தெடுத்தல்

விழாவின் சுவரொட்டியில் குழுக்களின் பெயர்கள் எழுத்தின் அளவால் அடுக்கப்பட்டிருக்கும். மேல்வரியில் பெரிய எழுத்தில் இருப்பவர்கள் இரவின் கடைசியில் வாசிக்கும் ஹெட்லைனர்கள். கீழே போகப்போக எழுத்து சிறுத்து, கடைசி வரியைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். புதியவர்கள் மேல்வரியைப் பார்த்து டிக்கெட் எடுக்கிறார்கள். நான் மூன்றாவது, நான்காவது வரிகளைப் பார்த்தே முடிவு செய்வேன். ஹெட்லைனராக வரும் குழுவை அதன் சொந்தச் சுற்றுப்பயணத்தில் இன்னும் நீளமாகக் கேட்க முடியும். ஆனால் நடுவரிசைக் குழுக்கள் நாற்பது அல்லது ஐம்பது நிமிடங்களுக்குள் தம் ஆகச்சிறந்த பாடல்களை மட்டும் அடுக்கி, இன்னும் பெயர் வாங்க வேண்டிய வெறியோடு வாசிக்கும் காட்சி விழாவில்தான் கிடைக்கும். நடுவரிசையில் ஏழெட்டுப் பெயர்களாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், அந்த விழா உங்களுக்கு ஏற்றது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, விழா நகரத்துக்குள் நடப்பதா, கூடாரம் அடித்துத் தங்கும் வகையா என்பது. நகர விழாவில் இரவு அறைக்குத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். கூடார விழாவில் விழாத்திடலே உங்கள் ஊராகிவிடும். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஒரு பால்பண்ணையில் 1970-இல் சுமார் 1,500 பேரோடு தொடங்கிய கிளாஸ்டன்பரி விழா இன்று ஒரு நகரத்தின் மக்கள்தொகை அளவுக்குக் கூட்டத்தைத் தங்கவைக்கிறது. ஜெர்மனியின் வாக்கன் கிராமத்தில் நடப்பது 1990-இல் தொடங்கிய மெட்டல் (கனத்த ராக் இசை) விழா; அந்தக் கிராமத்தில் வசிப்பவர்களைப் போலப் பல மடங்கு மக்கள் அங்கே ஆண்டுதோறும் வந்து இறங்குகிறார்கள். முதன்முறையே நான்கு நாள் கூடார விழாவில் இறங்குவதை நான் தடுக்கமாட்டேன், ஆனால் ஒரு நாள் விழா ஒன்றில் உடம்பைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் செல்வது நல்லது என்பது என் எண்ணம்.

டிக்கெட்டை விழா நடத்துபவர்களிடமோ, அவர்கள் பெயர் குறிப்பிட்ட விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். சில விழாக்களில் டிக்கெட்டைப் பிறருக்கு மாற்ற இயலாது. கிளாஸ்டன்பரியில் முன்கூட்டியே புகைப்படத்துடன் பதிவு செய்தவர் மட்டுமே வாங்க முடியும், அந்தப் படம் டிக்கெட்டிலேயே இருக்கும். அத்தகைய விழாவின் டிக்கெட்டை வெளியாளிடம் வாங்குபவர் வாயில்வரை வந்து திரும்பிப் போகிறார். செல்ல இயலாமற்போனால் திரும்ப விற்க அதிகாரபூர்வ வழி உண்டா என்பதை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

கேட்டுப் பழகுதலும் கால அட்டவணையும்

விழாவுக்கு ஐந்தாறு வாரங்களுக்கு முன்பே பட்டியலில் உள்ள குழுக்களைக் கேட்கத் தொடங்குங்கள். ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவான ஆல்பத்தைவிட நேரலைப் பதிவுகளைக் கேட்பதே பயன் தரும். ஆல்பத்தில் நான்கு கிட்டார்களை அடுக்கடுக்காகப் பதிவு செய்திருக்கும் குழு மேடையில் ஒற்றைக் கிட்டாருடன் மெலிந்து ஒலிக்கக்கூடும். ஆல்பத்தில் சாதாரணமாகத் தெரிந்த குழு, டிரம்ஸ் வாசிப்பவரின் கை வலுவால் மேடையில் வேறொன்றாக நிற்கவும் கூடும். சுற்றுப்பயணத்தில் இருக்கும் குழு அந்தப் பருவம் முழுவதும் ஏறக்குறைய ஒரே பாடல் வரிசையையே வாசிக்கும் என்பதால், முந்தைய வாரங்களில் அவர்கள் வாசித்தவற்றைப் பார்த்து வைத்தால் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெரியும். வியப்புக் கெட்டுவிடும் என்று கருதுபவர்கள் இதைத் தவிர்க்கலாம். நான் பார்த்துவிட்டே போகிறேன்.

மேடை வாரியான நேரங்கள் வெளியானவுடன் அட்டவணையைத் தாளில் எடுத்து மூன்று நிறங்களால் குறியுங்கள். ஒரு நிறம் எக்காரணம் கொண்டும் தவறவிடக் கூடாத குழுவுக்கு. இது ஒரு நாளைக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. இன்னொரு நிறம் நேரம் அமைந்தால் கேட்கலாம் என்பவற்றுக்கு. மூன்றாவது நிறத்தைத்தான் புதியவர்கள் மறக்கிறார்கள்: அது ஓய்வுக்கு உரியது. உட்கார, உண்ண, கழிப்பறை வரிசையில் நிற்க, காதுக்கு அமைதி கொடுக்க என்று ஒரு நாளில் இரண்டு தடவை ஒரு மணி நேரமாவது அட்டவணையிலேயே எழுதி ஒதுக்கினால்தான் அது நடக்கும். இரண்டு விருப்பக் குழுக்கள் ஒரே நேரத்தில் மோதினால் பாதி இது பாதி அது என்று ஓடாதீர்கள். ஒரு குழுவின் செட், அதாவது மேடையில் அது வாசிக்கும் பாடல் வரிசை, தொடக்கத்திலிருந்து ஏறி முடிவில் உச்சத்துக்கு வருமாறு கோக்கப்பட்டிருக்கும். இரண்டிலும் பாதி கேட்பவருக்கு ஒன்றில் ஏற்றமும் மற்றொன்றில் முடிவும் மட்டும் கிடைத்து, முழுமை எதிலும் கிடைப்பதில்லை. உங்கள் ஊர்ப்பக்கம் எளிதில் வராத குழு எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

மேடைகளுக்கிடையே நடக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். பெரிய திடலில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போக இருபது நிமிடங்கள் ஆகலாம். பெரிய குழு ஒன்று முடிந்து கூட்டம் கலையும் வேளையில் அதுவே இரட்டிப்பாகும். பிரான்சின் கிளிசோன் நகரில் நடக்கும் ஹெல்ஃபெஸ்ட்டைப் போல, இரு பெரிய மேடைகளை அருகருகே அமைத்து, ஒன்றில் வாசிப்பு நடக்கும்போது மற்றொன்றில் கருவிகளை மாற்றி வைக்கும் ஏற்பாடு சில விழாக்களில் உண்டு. அங்கே நடக்காமலேயே இரண்டையும் கேட்கலாம், ஆனால் இடைவெளியே இல்லாமல் நிற்பதால் கால் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

தாளில் உள்ள நேரம் தாளில் உள்ள நேரம்தான். 1969 ஆகஸ்ட் 15 முதல் 17 வரை நடக்க வேண்டிய அமெரிக்காவின் உட்ஸ்டாக் விழா, மழையாலும் தாமதத்தாலும் நீண்டு, கடைசியாக வாசிக்க வேண்டிய கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 18-ஆம் தேதி திங்கட்கிழமை காலையில்தான் மேடையேறினார்; அதற்குள் கூட்டத்தில் பெரும்பகுதி ஊர் திரும்பிவிட்டிருந்தது. இன்றைய விழாக்கள் நிமிடக் கணக்கில் நடக்கின்றன என்றாலும், மழையோ காற்றோ குறுக்கிட்டால் அட்டவணை கலையும். திரும்பிச் செல்லும் பயணத்தைக் கடைசிக் குழு முடியும் நேரத்தை ஒட்டி வைக்காமல், மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காதைக் காப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதாக இருந்தால் இந்தப் பகுதியைக் கடைப்பிடியுங்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச அளவு, 85 டெசிபல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் காது தாங்கும் நேரம் பாதியாகக் குறைகிறது: 88 டெசிபலில் 4 மணி நேரம், 91-இல் 2 மணி நேரம், 94-இல் 1 மணி நேரம், 97-இல் அரை மணி நேரம், 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். ராக் மேடைக்கு முன்னால் 100 டெசிபல் என்பது அசாதாரணமான அளவே அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் இசை நிகழ்விடங்களுக்காக வெளியிட்ட நெறிமுறையும் 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபலையே மேல்வரம்பாக வைத்திருக்கிறது. அந்த வரம்பு மதிக்கப்படும் திடலில்கூட, காதடைப்பான் இல்லாமல் நாள் முழுதும் நிற்பவர் ஒரு நாளுக்கு உரிய அளவை முதல் குழுவின் பாதியிலேயே தீர்த்துவிடுகிறார்.

முற்காலத்தில் உரத்த ஒலியே பெருமையாகக் கருதப்பட்டது. 1976 மே 31 அன்று லண்டனில் ஒரு கால்பந்து மைதானத்தில் தி ஹூ குழு வாசித்தபோது, ஒலிபெருக்கிகளிலிருந்து 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் அளக்கப்பட்டு, அது சாதனைப் புத்தகத்திலும் ஏறியது. அக்குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் பிற்காலத்தில் தம் காது இரைச்சலையும் கேட்கும் திறன் குறைந்ததையும் வெளிப்படையாகப் பேசினார். உள்காதில் அழிந்துபோகும் மயிரிழைச் செல்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. நேரலை இசையின் மீது உண்மையான பற்று உள்ளவர் காதடைப்பான் அணிவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. மேடையில் இருக்கும் கலைஞர்களிலும் பலர் அணிந்துதான் இருக்கிறார்கள்.

காதடைப்பானில் இரு வகை உண்டு. நுரையால் ஆனது மலிவானது, ஒலியை நன்றாகவே குறைக்கும், ஆனால் உயர் சுரங்களைக் கூடுதலாகத் தின்றுவிடுவதால் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் ஒலியும் பாடகரின் சொற்களும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். இசைக்கென்று செய்யப்படும் வடிகட்டிக் காதடைப்பான் எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். இசையின் உருவம் கெடாமல் அளவு மட்டும் இறங்கும். இந்த இரண்டாவது வகையை வாங்கி, விழாவுக்கு முன்பே வீட்டில் இசை கேட்கும்போது அணிந்து பழகுங்கள். நுரை வகையைத் தூங்குவதற்கும், மற்றது தொலைந்தால் மாற்றாகவும் வைத்துக்கொள்ளலாம். நுரையை அணியும்போது விரல்களால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, துளைக்குள் செலுத்தி, அது விரிந்து பொருந்தும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் அது காதணி, காதடைப்பான் அன்று.

அணிந்த பிறகு, பிடித்த பாட்டு வந்துவிட்டதென்று கழற்றாதீர்கள். பிடித்த பாட்டைத்தான் குழுவும் மிக உரக்க வாசிக்கும். குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் தலையைச் சுற்றி அணியும் காதுறையைத் தவறாமல் கொண்டுசெல்ல வேண்டும். குழந்தை அதைக் கழற்றி எறியும் நிலை வந்தால், அந்த நாளின் இசை அவர்களுக்கு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதே சரி.

உடுப்பும் பையும்

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலணி புதிதாக இருக்கக் கூடாது. விழாவுக்குமுன் ஒரு மாதமாவது அணிந்து நடந்து பழகியதாக, கணுக்காலை மூடுவதாக, பிறர் மிதித்தால் விரல் நசுங்காததாக இருக்க வேண்டும். காலுறை நாளொன்றுக்கு இரண்டு இணை என்று கணக்கிடுங்கள், ஏனெனில் ஈரக் காலுறையே கொப்புளத்தின் தாய். மெல்லிய மழையங்கி எடுத்துக்கொள்ளுங்கள், குடையை விட்டுவிடுங்கள்; கூட்டத்தில் குடை பின்னால் நிற்பவரின் பார்வையையும் பக்கத்தில் நிற்பவரின் கண்ணையும் கெடுக்கும் என்பதால் பல விழாக்கள் அதை உள்ளே விடுவதில்லை. பையின் அளவுக்கும் சில இடங்களில் கட்டுப்பாடு உண்டு; விழாவின் விதிப் பக்கத்தைப் படித்து அதற்கேற்ற சிறு பையை உடலின் முன்பக்கமாகக் குறுக்கே மாட்டிக்கொள்ளுங்கள். அதில் தண்ணீர்க் குடுவை, பவர் பேங்க், வெயில் தடுப்புக் களிம்பு, வழக்கமாக உண்ணும் மருந்து, அடையாள அட்டை, அவசரத் தொடர்பு எண் எழுதிய சீட்டு ஆகியவை போதும். தொடர்பு எண்ணைத் தொலைபேசியில் மட்டும் வைத்திருப்பது பயன்படாது, ஏனெனில் தொலைந்துபோவது பெரும்பாலும் தொலைபேசிதான்.

வந்து இறங்குதல்

கூடார விழாவுக்கு வாயில் திறக்கும் நாளிலேயே போய்விடுங்கள். தாமதமாக வருபவருக்குக் கழிப்பறைக்கு அருகிலோ, தண்ணீர் தேங்கும் பள்ளத்திலோ, இரவு முழுதும் ஆட்கள் நடக்கும் பாதையோரத்திலோதான் இடம் மிஞ்சும். சற்று மேடான, பாதையிலிருந்து விலகிய, காலை வெயில் நேராக விழாத இடம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். கூடாரத்தை முன்பே ஒருமுறை வீட்டில் விரித்துப் பார்க்காமல் வருபவர்கள் மழையில் கம்பியோடு மல்லுக்கட்டுவது ஒவ்வொரு விழாவிலும் காணக் கிடைக்கும் இலவசக் காட்சி. ஆயிரக்கணக்கான கூடாரங்கள் இருட்டில் ஒரே மாதிரி தெரியும் என்பதால், உங்கள் கூடாரத்துக்கு அருகில் உள்ள நிலையான அடையாளம் ஒன்றை, விளக்குக் கம்பம், வேலி மூலை, வாயில் எண் என ஏதேனும் ஒன்றை, மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டில் கட்டப்படும் கைப்பட்டைதான் அதன்பின் உங்கள் டிக்கெட். அதை இறுக்கிக் கட்டும்போது ஒரு விரல் நுழையும் இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒருமுறை இறுக்கினால் தளர்த்த முடியாது.

நண்பர்களோடு சென்றால், பிரிந்துபோனால் எங்கே, எந்த நேரத்தில் சந்திப்பது என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். பல்லாயிரம் பேர் ஒரே இடத்தில் குவியும்போது தொலைபேசி அலைவரிசை திணறும். அழைப்பு போகாது, செய்தி ஒரு மணி நேரம் கழித்துப் போய்ச் சேரும். "மேடைக்கு வலப்பக்கம்" என்று சொல்லும்போது யாருடைய வலம் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். வாசிப்பவரின் வலமும் பார்ப்பவரின் வலமும் எதிரெதிர்ப் பக்கங்கள் என்பதை மறந்து, ஒரு குழுவின் செட் முழுவதையும் நண்பரைத் தேடுவதில் நான் கழித்திருக்கிறேன்.

எங்கே நின்று கேட்பது

மைதானத்தின் நடுவில், மேடைக்கு எதிரே, தடுப்புக்குள் ஒரு சிறு கோபுரமோ கூடாரமோ இருக்கும். அங்கேதான் ஒலிப்பொறியாளர் மிக்ஸர் மேசையின் முன் நின்று, பாடகரின் குரல், கிட்டார், பேஸ், டிரம்ஸ் ஒவ்வொன்றையும் தம் காதால் கேட்டு அளவு வைக்கிறார். அவருக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் இசை அமைக்கப்படுகிறது. ஆகவே அந்தத் தடுப்பின் முன்பக்கமோ பக்கவாட்டிலோ நிற்பவருக்கு மைதானத்திலேயே மிகச் சீரான ஒலி கிடைக்கும். தடுப்பில் முதுகைச் சாய்த்துக்கொள்ளவும் முடியும். நாள் முழுதும் நின்றவருக்கு இது சிறிய சலுகை அல்ல.

மேடையை ஒட்டிய முன்வரிசையில் ஒலி வேறு. முதன்மை ஒலிபெருக்கிகள் இரு பக்கமும் உயரத்தில் தொங்கிக்கொண்டு உங்கள் தலைக்கு மேலாக வெளியே பாய்கின்றன. உங்களுக்குக் கிடைப்பது மேடையிலுள்ள கிட்டார் ஒலிபெருக்கிப் பெட்டிகளின் நேர் ஒலியும், டிரம்ஸின் நேர் அடியும், மேடை விளிம்பில் வைத்திருக்கும் சிறு ஒலிபெருக்கிகளும். பாடல் வரிகள் தெளிவாக விழாமல் போகலாம். ஆனால் வாசிப்பவரின் விரல்களையும், ஒருவருக்கொருவர் காட்டும் கண்சாடையையும், தவறிய சுரத்துக்குப் பின் வரும் சிரிப்பையும் அங்கேதான் காண முடியும். மிக நேசிக்கும் ஒரு குழுவுக்கு முன்வரிசை, மற்றவற்றுக்கு ஒலிமேசை என்பது நான் வைத்திருக்கும் பங்கீடு.

பேஸ் எனப்படும் தாழ்சுர ஒலி ஒரே மைதானத்தில் இடத்துக்கு இடம் மாறுவதற்கும் காரணம் உண்டு. மேடையின் இரு பக்கமும் அந்தத் தாழ்சுரத்தை எழுப்பும் சப்வூஃபர்கள் வைக்கப்பட்டிருந்தால், நடுக்கோட்டில் இரண்டின் அலைகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து வயிறு அதிரும். சில மீட்டர் பக்கவாட்டில் விலகினால் ஒன்றையொன்று தின்று மெலியும். பேஸ் தாங்க முடியவில்லை என்றாலும் போதவில்லை என்றாலும் பத்து அடி நகர்ந்து பாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஆகவே மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவர், டிரம்ஸ் குச்சி விழுவதைக் கண்டபின் நொடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழித்தே அடியைக் கேட்பார். பெரிய திடல்களில் பின்னால் நிற்பவர்களுக்காகத் தனிக் கோபுரங்களில் ஒலிபெருக்கிகள் வைத்து, மேடையின் ஒலி வந்து சேரும் நேரத்துக்கு ஒத்துப்போகுமாறு அவற்றின் ஒலியைத் தாமதப்படுத்தி வெளியிடுகிறார்கள். அக்கோபுரத்துக்குச் சற்றுப் பின்னால் நின்றால் தொலைவிலும் நல்ல ஒலி கிடைக்கும். காற்று வீசும் மாலையில் குரல் வந்து வந்து போவதுபோல் தோன்றினால் அது ஒலிப்பொறியாளரின் பிழையன்று. காற்று உயர் சுரங்களை அள்ளிச் செல்கிறது, முன்னால் நகர்வதே அதற்கு வழி.

இன்னொன்று: முதல் பாட்டை வைத்துக் குழுவின் ஒலியை மதிப்பிடாதீர்கள். சொந்தக் கச்சேரியில் மாலையில் நிதானமாக ஒலியைச் சரிபார்ப்பார்கள். விழாவில் நடுவரிசைக் குழுக்களுக்கு, முந்தைய குழு இறங்கி இவர்கள் ஏறும் இடைவெளியில், ஒவ்வொரு இணைப்பிலும் ஒலி வருகிறதா என்று பார்க்கும் அவகாசம் மட்டுமே கிடைக்கும். உண்மையான கலவை முதல் இரண்டு பாடல்களின்போது உங்கள் முன்னிலையில்தான் நடக்கிறது. மூன்றாவது பாட்டில் குரல் திடீரென்று தெளிவதைக் கவனித்துக் கேளுங்கள், அதுவும் ஓர் இன்பம்.

கூட்டத்துக்குள் நிற்பது

2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ராஸ்கில்டே விழாவில், பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது, மேடைக்கு முன் நெரிசலில் 9 இளைஞர்கள் இறந்தனர். அதற்குப் பிறகு அங்கும் பிற விழாக்களிலும் முன்பகுதியைத் தடுப்புகளால் பகுதிகளாகப் பிரித்து, உள்ளே செல்பவர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் முறை வலுப்பட்டது. தடுப்பைப் பார்த்து எரிச்சலடையும் புதியவர்கள் அது எதற்காக அங்கே இருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். நெரிசலில் சிக்குபவர்களின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மிதிபடுவதன்று. மார்பு அழுத்தப்பட்டு, மூச்சை உள்ளிழுக்க இடமில்லாமல் போவதே. நின்ற நிலையிலேயே அது நேரலாம்.

ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் இருக்கும்வரை நீங்கள் உங்கள் விருப்பப்படி திரும்பவும் விலகவும் முடியும். ஐந்து, ஆறு பேர் என்று நெருங்கும்போது கூட்டம் தனித்தனி மனிதர்களாக நடந்துகொள்வதை விட்டு, தண்ணீரைப் போல அலையடிக்கத் தொடங்கும். இதை எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் கையை உயர்த்தி முகத்தைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். தொட முடியாவிட்டாலோ, நீங்கள் நகர நினைக்காமலே உடல் நகர்ந்தாலோ, பாட்டின் நடுவிலேயே வெளியேறத் தொடங்குங்கள். இரண்டு கைகளையும் குத்துச்சண்டைக்காரரைப் போல மார்புக்கு முன் வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்கிக்கொண்டு, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நின்று, அலையை எதிர்த்துத் தள்ளாமல், அலை தணியும் நொடிகளில் குறுக்காகப் பக்கவாட்டை நோக்கி நகர வேண்டும். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள். தடுப்பருகே இருந்தால் காவலரிடம் கையசைத்துச் சொன்னால் தூக்கி வெளியே எடுத்துவிடுவார்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மாஷ் பிட் எனப்படும் மோதி ஆடும் வட்டம் வேறு விஷயம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அடிதடியாகத் தோன்றினாலும் அதற்கு எழுதாத விதிகள் உண்டு. விழுந்தவரை அருகிலிருக்கும் அனைவரும் உடனே தூக்கிவிட வேண்டும். முழங்கையையும் முட்டியையும் பயன்படுத்தக் கூடாது, தோளால் தள்ளலாம். வட்டத்தின் ஓரத்தில் நிற்பவர் ஆட விரும்பாதவர் என்றால் அவரை உள்ளே இழுக்கக் கூடாது. எவரேனும் காலணியையோ கண்ணாடியையோ உயர்த்திப் பிடித்தால் அது தொலைத்தவருக்கான அழைப்பு. முதல் விழாவில் ஒரு குழுவுக்காவது ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, எந்த வேகத்தில் ஆடுகிறார்கள் என்பது புரிந்த பிறகு இறங்குங்கள். கூட்டம் இரண்டாகப் பிளந்து எதிரெதிராக நின்று பாட்டு வெடிக்கும்போது ஓடிவந்து மோதும் விளையாட்டு ஒன்று மெட்டல் விழாக்களில் உண்டு. நடுவில் இடைவெளி தானாக உருவாவதைக் கண்டால், அதில் சேர விருப்பமில்லாதவர் உடனே பின்னால் போய்விட வேண்டும். தலைக்கு மேல் கைமாற்றப்பட்டு வருபவர்களைக் கவனிக்க அவ்வப்போது பின்னால் திரும்பிப் பாருங்கள். கனமான காலணியோடு ஒருவர் கழுத்தில் வந்து இறங்கிய அனுபவம் எனக்கு ஒருமுறை போதுமானதாக இருந்தது. அனுமதியின்றி ஒருவரைத் தவறாகத் தொடுவது எந்தக் கூட்டத்திலும் குற்றம்தான். உங்களுக்கு நேர்ந்தாலும் கண்ணில் பட்டாலும் காவலரிடம் சொல்லுங்கள்.

தண்ணீர், தூக்கம், வானிலை

தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். முன்வரிசையில் நின்றால் கழிப்பறைக்குப் போக முடியாது என்று எண்ணிக் காலையிலிருந்தே குடிக்காமல் இருப்பவர்கள் மாலையில் மயங்கி விழுந்து முதலுதவிக் கூடாரத்தில் கண் விழிக்கிறார்கள். மது அருந்துபவர்கள் ஒவ்வொரு குவளைக்கும் ஈடாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒருவர் குழறிப் பேசினாலோ, தோல் சூடேறி நிலைதடுமாறினாலோ வெயில் தாக்கியிருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீரால் உடலை நனைத்து, உடனே மருத்துவக் குழுவை அழையுங்கள். போதைப்பொருள் எதையேனும் உட்கொண்டிருந்தால் மருத்துவக் குழுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர்களுக்கு வேண்டியது சிகிச்சைக்கான தகவல்.

இரவில் ஆறு மணி நேரமாவது படுத்தே ஆக வேண்டும். கூடாரப் பகுதி அமைதியாக இராது. நுரைக் காதடைப்பானும் கண்மூடியும் இருந்தால் சமாளிக்கலாம்.

வானிலையை எளிதாக எண்ணாதீர்கள். 2016-இல் ஜெர்மனியின் ராக் ஆம் ரிங் விழாவில் மின்னல் தாக்கிப் பல பத்துப் பேர் காயமுற்றனர், விழா பாதியில் நிறுத்தப்பட்டது. 2011-இல் பெல்ஜியத்தின் புக்கெல்பாப் விழாவில் திடீர்ப் புயலில் அமைப்புகள் சரிந்து 5 பேர் இறந்தனர். 2023-இல் வாக்கனில் சேறு மிகுந்து, வழியிலிருந்த பல்லாயிரம் பேரை உள்ளே விட முடியாமல் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே ஒலிபெருக்கியில் வெளியேறும்படி அறிவிப்பு வந்தால், அடுத்து வாசிக்கவிருப்பது உங்கள் உயிர்க் குழுவாகவே இருந்தாலும், உடனே வெளியேறுங்கள். இடி கேட்கும் தொலைவில் மின்னல் இருந்தால் தனிமரத்தடியும் உலோகக் கம்பங்களும் கூடாரமும் அடைக்கலம் ஆகா. கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ இருக்க வேண்டும்.

கடைசிக் குழுவும் அதற்குப் பின்னும்

கடைசி இரவில் ஹெட்லைனர் மேடையேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக உண்டு, குடித்து, கழிப்பறை சென்று, காலுறை மாற்றிவிட்டு இடம் பிடியுங்கள். தொலைபேசியில் ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்றால் எதை என்று முன்பே முடிவு செய்து, அதன் ஒரு நிமிடத்தை எடுத்துவிட்டுப் பைக்குள் வைத்துவிடுங்கள். தலைக்கு மேல் உயர்த்திய திரை பின்னால் நிற்பவருக்கு மேடையை மறைக்கிறது, அந்தப் பதிவில் ஒலியும் பெரும்பாலும் பிய்ந்துதான் இருக்கும். குழுவின் டி-சர்ட்டை வாங்க விரும்பினால் முதல் நாளே வாங்குங்கள். நடு அளவுகள் முதலில் தீர்ந்துவிடும். சிறிய குழுக்கள் தாமே தம் விற்பனை மேசையருகே நிற்பதும் உண்டு, அவர்களிடம் எந்தப் பாட்டு பிடித்தது என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்வது நல்ல பழக்கம்.

இசை முடிந்தவுடன் வாயிலை நோக்கி ஓடாமல், அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். முதல் நெரிசல் கரைந்த பிறகு நடந்தால் பாதி நேரத்தில் போய்ச் சேரலாம். கூடாரத்தை விட்டுவிட்டுச் செல்லாமல் பிரித்து எடுத்துவந்து, வீட்டில் முழுவதும் உலர்த்திய பிறகே மடித்து வையுங்கள், ஈரத்தோடு மடித்தது அடுத்த விழாவுக்குள் பூஞ்சை பிடித்திருக்கும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் காதில் எதையும் மாட்டாமல் அமைதியில் இருங்கள். மெல்லிய இரைச்சல் ஒரு நாளில் அடங்கிவிடுவது வழக்கம். இரண்டு மூன்று நாட்களுக்குப் பின்னும் அது நின்றபாடில்லை என்றாலும், ஒரு காதில் மட்டும் திடீரென்று கேட்கும் திறன் குறைந்தது போலிருந்தாலும், காது மருத்துவரிடம் செல்லுங்கள். இரண்டாவதாகச் சொன்னதற்கு நாள் எண்ணிக் காத்திருக்கக் கூடாது, அன்றே செல்ல வேண்டும்.